அக்கா மகளா, பெண்டாட்டியா?

ஆபீசில் ஒருவர் கேள்வி கேட்டால், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். உத்திரமேரூர்ப் பக்கத்து ஆளுக்குத்தான் அது வராது. 'யாருப்பா நீ' என்று எங்களைக் கேட்டால் பெயரைச் சொல்ல மாட்டோம். யாருக்கு யார் என்ன முறை என்று ஆரம்பித்து, கேட்டவரும் நமக்கு ஏதோ ஒரு வழியில் மச்சான் என்று நிரூபித்துவிட்டுத்தான் விடுவோம். இந்தப் பழக்கத்தால் நான் என் பெண்டாட்டியைக் கப்பல் ஏற்றி ஊருக்கே திருப்பி அனுப்ப இருந்தேன்.

ஐம்பதுகளின் கடைசி அது. மலாயாவில் ஒரு துறைமுக ஊரில், ரப்பர் கம்பெனிக் கிடங்கில் நான் கிராணி. (குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஊருக்கு எழுதும்போது பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும்.) ஊருக்குப் போய் என் அக்கா மகள் பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டு அழைத்து வந்திருந்தேன். அங்கே தங்க அவளுக்குக் கொடுத்திருந்தது தற்காலிகப் பாஸ். அது முடிவதற்குள் நிரந்தரப் பாஸுக்கு மனுப் போட வேண்டும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் அவள் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்போது அவள் மாசமாக இருந்தாள். வரும்போதே கப்பலில் வாந்தி எடுத்துப் பாதி ஆளாகி வந்தவள். இந்த நிலையில் அவளைத் திரும்பவும் கப்பலில் அனுப்ப முடியுமா? போதாக்குறைக்கு, காலி பிஸ்கட் டின்னில் அவள் நட்ட முருங்கைக் கொம்பு அந்த வாரம்தான் துளிர்விட்டிருந்தது.

குடியேற்ற ஆபீஸ் விசாரணைக்குக் கிளம்பும்போதே சொன்னாள்.

"மாமா, அவன் இன்னா கேக்கறானோ அதுக்கு மட்டும் பதில் சொல்லு. கூட ஒண்ணும் சொல்லிக்கினு இருக்காத."

"அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ வா" என்றேன். (தெரியாது.)

அதிகாரி ஒரு வெள்ளைக்காரர். அவர் பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றியில் திருநீறும் முகத்தில் சந்தேகமுமாக உட்கார்ந்திருந்தார். பச்சையை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். இரவல் கோட்டுக்குள் நான் வெந்துகொண்டிருந்தேன்.

அதிகாரி எங்கள் கல்யாணப் போட்டோவை எடுத்து, எனக்குப் பின்னால் நிற்கும் பெண்மணியைக் காட்டி, இது யார் என்றார்.

"என் அக்கா, சார்."

"பெண்ணின் தாயார் எங்கே?"

"அவளேதான், சார்."

அதிகாரியின் பேனா நின்றது. பச்சையை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று அடுத்த கேள்வி. கல்யாணம் ஆனதிலிருந்து என்று சொல்லியிருக்கலாம், யாரும் அடித்திருக்க மாட்டார்கள். என் புத்தி அங்கேதான் வேலை செய்தது. பழைய பழக்கம் என்றால் கல்யாணம் இன்னும் உறுதிப்படும் அல்லவா?

"அவள் பிறந்ததிலிருந்தே தெரியும், சார்" என்றேன். அதோடு விட்டேனா? எங்கள் வழக்கப்படி காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள், திருமுக்கூடல் கோயிலில் சின்னப் பையனான என் மடியில் இவளை உட்கார வைத்தார்கள், இவள் அழுத அழுகையில் என் புது வேட்டி நனைந்துபோனது என்பதையெல்லாம் ஆங்கிலத்தில் விளக்கினேன். எந்த இடம் நனைந்தது என்று எழுந்து நின்று காட்டவும் செய்தேன்.

அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்தார். நம்ம ஆள், காப்பாற்றுவார் என்று நானும் பார்த்தேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

"தமக்கையின்ர மகளையோ கட்டினனீர்?" என்றார் மெல்ல. "எங்கட பக்கம் மச்சாளைத்தான் கட்டுவினம். இது நான் கேள்விப்படாத கதை."

அதையே ஆங்கிலத்திலும் சொல்லிவிட்டார். நான் காகிதம் வாங்கி உறவுமுறையைப் படம் போட்டேன். மாமியார் என்று இழுத்த கோடு அக்காவிடம் போனது. மாமனார் என்று இழுத்த கோடு அக்கா வீட்டுக்காரரிடம் போனது. அப்படி முட்டி மோதி எல்லாம் என் தலையிலேயே வந்து முடிந்தன. அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சொந்தக்காரப் பெண்களை மனைவி என்று சொல்லிக் கூட்டி வருகிறவர்கள் நிறைய. மனைவிக்குப் பாஸ் உண்டு. அக்கா மகளுக்குக் கிடையாது. எது என்று முடிவு செய்து சொல்."

அடுத்து பச்சையைக் கூப்பிட்டார்கள்.

"பிள்ளை, இவர் உமக்கு என்ன முறை?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"மாமா."

"தாய்மாமன் என்கிறா, ஐயா" என்று அவர் வெற்றியோடு அதிகாரியிடம் சொன்னார். கப்பல் சங்கு ஊதுவதே என் காதில் கேட்டுவிட்டது.

பச்சை என் முகத்தைப் பார்த்தாள், மேஜையில் கிடந்த படத்தைப் பார்த்தாள். நடந்தது விளங்கிவிட்டது. "சொன்னேனே கேட்டியா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க, மாமன்தான். மாமனா இருக்கங்காட்டிதான் கட்டிக்கினேன். வெளியில ரெண்டு மாப்ள பாத்தாங்க, நான்தான் வேணான்னேன். இவரு வாய் ஓயாதுன்னு பொறந்ததுலேர்ந்து தெரியும். கைநீட்டி அடிக்க மாட்டாருன்னும் தெரியும். முன்னபின்ன தெரியாதவன நம்பிக் கப்பல் ஏற எனக்கு இன்னா பைத்தியமா? இவரு வெறும் மாமனா மட்டும் இருந்தா, இப்போ பேசினதுக்கு எங்கம்மாகிட்ட சொல்லி நாலு வெக்கச் சொல்லியிருப்பேன். புருசனா பூட்டாரு. பொறுத்துக்கினு கீறேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் தயங்கித் தயங்கி அதை மொழிபெயர்த்தார். அதிகாரி போட்டோவை மறுபடி கையில் எடுத்தார்.

"கல்யாணத்துக்கு முன் என் மனைவிக்கு என்னோடு இரண்டே மாதப் பழக்கம்" என்றார். "வந்த கப்பலிலேயே திரும்பிப் போய்விட்டாள்."

பிறகு முத்திரையை எடுத்துக் குத்தினார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வெயிலுக்கு வியர்த்ததாகச் சொல்லிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரர் வாசல்வரை வந்து, தன் வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லப் போவதில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

வேலை முடிந்து ஊரோடு வந்து எத்தனையோ காலம் ஆகிறது. மகள்களும் பேரப்பிள்ளைகளும் கூடினால் எனக்கு முன்னாலேயே இந்தக் கதை நாடகமாக நடக்கும். ஒருத்தி அதிகாரி, ஒருத்தி யாழ்ப்பாணத்துக்காரர். வேட்டியைக் காட்டும் என் வேஷத்துக்கு மட்டும் சண்டை வரும். பச்சைக்கோ அதிகாரி கேட்ட கேள்வி தினமும் பயன்படுகிறது. கடன் கேட்டு வந்தவருக்கு நான் தலையாட்டினாலும் சரி, கட்டிலை இடம் மாற்றச் சொன்னாலும் சரி, "இத சொல்றது மாமனா, புருசனா?" என்பாள். மாமன் என்றால் பெரியவர் சொல், நடக்கும். புருஷன் என்றால் யோசித்துச் சொல்வாள்.

நேற்று காப்பிக்கு இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டேன். எனக்குச் சர்க்கரை வியாதி.

"கேக்கறது யாரு?" என்றாள்.

"மாமன்" என்றேன்.

"மாமன இன்னும் கொஞ்ச நாளு பத்திரமா வெச்சிக்கணும்" என்று டப்பாவை மூடி வைத்துவிட்டாள்.