குதிகாலில் ஊசி, இடுப்பில் லுங்கி

ஊசிக்குப் பயப்படுகிறவர்களில் இரண்டு வகை. தனக்குப் போட்டால் பயப்படுகிறவர்கள் ஒரு வகை. அடுத்தவருக்குப் போட்டாலே ஓடிப்போகிறவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாவது.

என் மகள் பிறந்த சில நாளிலேயே மஞ்சள் காமாலை வந்து உடம்பில் மஞ்சள் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கடியில் படுக்க வைத்தார்கள். மஞ்சள் எவ்வளவு என்று பார்க்கக் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். குதிகால் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். புளியங்கொட்டை அளவு. ஊசியைப் பார்த்ததும் நான் வெளியே போய்விடுவேன். அவள் அலறுவது டீக்கடை வரை கேட்கும். (இன்னொரு டீ சொல்லிவிடுவேன்.)

மனைவி கோமதிக்கு ஆபரேஷன் பிரசவம். அதோடு காய்ச்சல். எழுந்து உட்கார முடியாது.

"நீ பாட்டுக்கு டீ குடிக்கப் பூடுற. நான் இல்ல கேட்டுக்கினு கிடக்கிறேன்" என்றாள்.

டீ நன்றாக இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை நர்ஸ் ஷமீமா குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"மஞ்சள் இறங்கியிருந்தா இன்னிக்கே வீட்டுக்குப் போவலாம். அதுக்கு இன்னொரு தபா குத்திப் பார்க்கணும். அண்ணே, எங்க போறீங்க? சட்டையக் கழட்டுங்க."

"எனக்கா ஊசி?"

"பாப்பாவுக்குத்தான். அம்மாவால முடியலன்னா அப்பா. உங்க வெறும் நெஞ்சு மேல பாப்பா படுத்துக்கினு இருந்தா, அந்தச் சூட்டுல வலி கம்மியாத் தெரியும்."

"நான் தறிக்காரன்மா. என் நெஞ்சுல எலும்புதான் இருக்குது."

"அவளுக்கு அது போதும். உக்காருங்க."

கோமதி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தேன்.

குழந்தையை என் நெஞ்சில் கவிழ்த்துப் படுக்க வைத்தார். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தாள். "ஒரு கை முதுகுல, ஒரு கை தலையில. நான் சொல்ற வரைக்கும் கையை எடுக்கவே கூடாது."

இங்கே என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறிக்குழியில் உட்கார்ந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதித்தே வளர்ந்த கால். பதற்றம் வந்தால் தானாக மிதிக்கும். தாலி கட்டும்போதும் மிதித்தேன். (ஐயர் தன் காலை நகர்த்திக்கொண்டார்.) தறியில் லுங்கியை மடித்துக் கட்டியிருப்பேன், ஆபத்தில்லை. ஆஸ்பத்திரியில், நர்ஸம்மா வருகிறாரே என்று மரியாதைக்கு அவிழ்த்து இறக்கி விட்டிருந்தேன்.

ஷமீமா குதிகாலைத் துடைத்தார். என் கால் ஆரம்பித்துவிட்டது. வலது, இடது. வலது, இடது. இரண்டுக்கும் கீழே லுங்கியின் ஓரம். ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு முடிச்சு கொஞ்சம் இளகியது. கையை எடுத்தால் குழந்தை. எடுக்காவிட்டால் மானம்.

பக்கத்துக் கட்டிலில் மருமகளுக்குத் துணையாக இருந்த வாலாஜாபாத் அம்மா சொன்னார்: "இன்னாமா இது, அண்ணன் இங்கியே ஒரு சேலையை முடிச்சுடுவாரு போலகுது!"

ஷமீமா குத்தினார். வார்டே அதிரும்படி ஓர் அலறல்.

நான்தான்.

மகள் முகத்தைச் சுளித்தாள். லேசாக முனகினாள். பிறகு கன்னத்தை என் எலும்பில் அழுத்திக்கொண்டு தூங்கிப்போனாள். அவ்வளவுதான். இத்தனை நாள் டீக்கடை வரை கேட்ட குரல் அது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. இது மட்டும் பயத்தில் இல்லை.

"முடிஞ்சுது அண்ணே. எழுந்திருங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

ஷமீமாவின் கண் கலங்கிவிட்டது. "எவ்ளோ நேரம் வேணாலும் வெச்சிருங்க அண்ணே" என்றார். (கண் கலங்கி நிற்கிறவரிடம் லுங்கியைப் பற்றி எப்படிப் பேசுவது?)

அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு ஷமீமா ஓடி வந்தார்.

"மஞ்சள் இறங்கிடுச்சு! வீட்டுக்குப் போவலாம்!"

சந்தோஷத்தில் எழுந்துவிட்டேன்.

லுங்கி எழவில்லை.

பட்டைபோட்ட அரை டிராயரோடு வார்டு நடுவில் நின்றேன். கை இரண்டும் குழந்தை மேல். வாலாஜாபாத் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஷமீமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

கோமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள். "ஐயோ, தையல் பிரிஞ்சிடப் போவுது. எடுத்துக் கட்டுய்யா மொதல்ல!"

"கையை எடுக்கக் கூடாதுன்னாங்களே" என்றேன்.

போன மாதம் மகளுக்கு ஐந்து வயது ஊசி. மடியில் உட்கார வைத்திருந்தேன். நர்ஸ் மருந்தை எடுத்ததும், "இருங்க சிஸ்டர்" என்று நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, லுங்கிய இறுக்கிக் கட்டிக்கினியா?"

பேன்ட் போட்டிருந்தேன். பெல்ட்டும். தொட்டுப் பார்த்துத் திருப்தியானாள். பிறகு நர்ஸிடம் சொன்னாள்:

"இப்ப குத்துங்க. அப்பா கத்துவாரு, நீங்க பயப்படாதீங்க."