முன்சீட்டில் சம்பந்தி

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
ஞாயிற்றுக்கிழமை

மச்சான் சுப்பையனுக்கு சேனாபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்காளும் சுகம். அங்கே உங்கள் எல்லோரையும் கருப்பராயன் காக்கட்டும். இதுவரை நான் சொல்ல, யாராவது எழுதினார்கள். இது நானே எழுதுவது. இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். என் எழுத்து உருண்டையாக இருப்பதாக ஆசிரியை வான்மதி சொன்னார். மெதுவாகத்தான் வருகிறது, நீயும் மெதுவாகப் படி.

விஷயம் பேரன் ஷ்ரேயஸின் மொட்டை. தை மாதம் ஊருக்கு வரும்போது நம் கருப்பராயன் கோயிலில்தான் முதல் மொட்டை என்று நான் சொல்ல, திருப்பதியில்தான் என்று மருமகள் ஸ்வர்ணாவின் அப்பா சுவாமிநாதன் சொல்ல, அவரும் இப்போது இதே வீட்டில் தங்கியிருப்பதால், ஊறுகாய் வேண்டுமென்றால்கூட ஸ்வர்ணா வழியாகவே கேட்டுக்கொண்டோம். இதில் சலித்துப்போன மகன் இனியன், நேற்று விடியற்காலையில் இரண்டு பேர் ஓட்டும் நீளமான சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினான். "ரெண்டு பேரும் எங்கூட ரைடு வர்றீங்க. பேசாம வந்தாலும் சரி" என்றான்.

சம்பந்தி முன்சீட்டில், நான் பின்சீட்டில், இனியன் தனிச் சைக்கிளில். பின்னால் உட்கார்ந்து போகிறவன் மிதிப்பது நம் பக்கம் வழக்கமில்லை. ஆனால் இதில் பின்னாலும் பெடல் இருந்தது, கால் வைத்தால் அதுவே சுற்றியது, கால் மரத்துப்போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு என்று நினைத்து நான் வசதியாக இருந்தேன். இரண்டு பக்கமும் பருத்திக் காடு, மேடும் இல்லை பள்ளமும் இல்லை, ரோடு நூல் பிடித்த மாதிரி போகிறது, எதிர்க்காற்றில் என் தொப்பி பறந்து அதை எடுக்க இறங்கினோம், ஒரு நாய் துரத்தியது, அதற்குப் பயந்து வேறு ரோட்டில் திரும்பி ஒரு பண்ணை வாசலில் போய் முட்டி நின்றோம். பண்ணைக்காரர் ஐஸ் தண்ணீர் கொடுத்துவிட்டு, என் காலைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தார். பின்னால் வந்து சேர்ந்த இனியனிடம் கேட்டேன்.

"பின்னாடி இருக்கறவரும் மிதிக்கணும்னு அவருக்குத் தெரியாதான்னு கேக்கறாருப்பா."

சம்பந்தி என்னைப் பார்க்காமல் சொன்னார்: "மாப்பிள்ளையோட அப்பா. அவரைப் போய் மிதிங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

இனியன் எதையோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டான். சம்பந்தியின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அதன் பிறகு நானும் மிதித்தேன்; வேகத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவர் பலம் அப்படி. என்னை நாள் முழுக்க இழுத்த மனிதரிடம் ஒரு மொட்டைக்காக மல்லுக்கட்டலாமா? வீட்டு வாசலில் இறங்கியதும் சொல்லிவிட்டேன்: "சம்மந்தி, மொட்டை திருப்பதியிலயே போட்டுக்கலாமுங்க." இரவு ஊறுகாயை அவரே என் பக்கம் நகர்த்தினார்.

ஆகவே பூசாரியிடம் நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிடு. கிடாய் வாங்க வேண்டாம்.

உன் மனைவி ராமாத்தாளுக்கு என் ஆசி. தொழுவத்தில் ஒன்றுக்கும் குறைவில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சேனாபதி
(இது கையெழுத்து. கைநாட்டு இல்லை.)

பி.கு.: இவ்வளவையும் எழுதி முடிப்பதற்குள் புதன்கிழமை ஆகிவிட்டது. இன்று காலை இனியன் அந்தச் சைக்கிளிலிருந்து செங்கல் மாதிரி ஒரு பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டான். அன்று எங்கள் இருவரையும் இழுத்தது அதுதானாம். சம்பந்தியிடம் போய்க் கேட்டேன். "நான்தான் இழுத்தேன்னு எப்ப சொன்னேன்? உங்களை மிதிக்கச் சொல்ல முடியாதுன்னு மட்டும்தானே சொன்னேன்" என்கிறார். ஆகவே பூசாரியிடம் ஒன்றும் சொல்லாதே, கிடாய்க்குச் சொல்லிவை. மேலே எழுதியது எதுவும் இனிச் செல்லாது, கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள் என்கிறான் இனியன். எனக்கு மனம் வரவில்லை. எழுத்தெல்லாம் நன்றாக வந்திருக்கிறது.