ஹீட்டருக்குள் எலி

காருக்குள் தலைகீழாகக் கிடந்தான் சுடலைமுத்து. தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில். கால் இரண்டும் சீட்டின் மேல் ஏறிப் பின்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"கேக்குதாப்பா?" என்றார் வெளியில் நின்ற முதலாளி சென்னகிருஷ்ணன்.

கேட்காமல் என்ன? கடகடகடவென்று, தகர டப்பாவில் சரளைக்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். ஓசூர் மார்கழிக் குளிரில் ஹீட்டர் போடாமலும் முடியாது. போட்டால் பக்கத்திலிருப்பவன் பேசுவது கேட்காது. ஐம்பத்தாறாம் வருசத்துச் சீமைக் கார். நாலுவழிச் சாலைக்காகத் தோண்டிப் போட்டிருந்த பள்ளங்களைத் தாண்டித் தினமும் காலை ஆறு மணிக்கு முதலாளி அதில்தான் பெங்களூர் போவார்.

"இந்த ஃபேன் சத்தத்த மட்டும் நிறுத்திடு. உன் பெர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போட்றன்."

எட்டு வருசமாக அவர் பட்டறையில் கான்ட்ராக்ட் ஃபிட்டர் சுடலைமுத்து. அவன் பெர்மனென்ட் ஆகிவிட்டதாக மச்சினன் திருநெல்வேலிப் பக்கத்து ஊர் முழுக்கச் சொல்லி இரண்டு வருசம் ஆகிறது. அதை உண்மையாக்க வேண்டிய வேலைதான் பாக்கி.

"நிறுத்திப்புடுதேன்யா!"

ஹீட்டர் பெட்டியைத் திறந்தான். உள்ளே நாலு புளியங்கொட்டை. பொறுக்கி வீசினான். சத்தம் நின்றது.

டார்ச் பிடித்திருந்த டிரைவர் எல்லப்பன் எட்டிப் பார்த்தான். "பழைய வண்டிண்ணா. சத்தம் போட்டாத்தான் அதுக்கு மரியாத. வுட்டுடு."

மறுநாள் சாயங்காலம் கார் திரும்பி வந்தது, கடகடவென்று. திறந்தால் ஒன்பது புளியங்கொட்டை.

"எலி!" என்றான் சுடலைமுத்து. "கொண்டாந்து சேத்து வைக்குல்லா?"

எல்லப்பன் ஒரு நிமிசம் யோசித்தான். "ஆமாண்ணா. நானே பாத்தன். பூனையாட்டம் இருந்துச்சு."

எலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஃபேன் தேய்ந்திருக்கிறதே என்று பட்டறையிலிருந்த புது பேரிங் ஒன்றை மாட்டினான். ஃபேன் பறக்கிற வேகத்தில் சுற்றியது.

அடுத்த நாள் முதலாளி ஒரு கையால் வேட்டியைப் பிடித்தபடி பட்டறைக்குள் வந்தார்.

"அத்திப்பள்ளி செக்போஸ்ட்ல வண்டி நிக்குது. கீழருந்து காத்து அடிச்சு வேட்டி பலூனாட்டம் உப்பிக்கிச்சு. போலீஸ்காரன் எட்டிப் பாத்து, 'ஏனு ஸ்வாமி ஒளகே?'ங்கறான். உள்ள என்னன்னு நான் என்னத்தச் சொல்ல?"

"சத்தம் எப்படியிருக்குய்யா?"

"முன்ன டவுன் பஸ்ஸாட்டம் இருந்துச்சு. இப்ப பர்கூர் குவாரியில கல்லறுக்கறாங்க!"

பெட்டிக்குள் இப்போது இருபத்திரண்டு கொட்டை. சுடலைமுத்துவுக்கு ரோசம் வந்துவிட்டது. முன்சீட்டுக்கு அடியில் எலிப்பொறி வைத்து, கொக்கியில் நெத்திலிக் கருவாடு மாட்டினான். சனிக்கிழமை முதலாளியம்மா ரங்கம்மா விரதமிருந்து, துளசிமாலையோடு அந்தக் காரில்தான் பெருமாள் கோயிலுக்குப் போகப் போகிறார் என்பது அவனுக்குத் தெரியாது.

எல்லப்பன் ஹீட்டரைப் போட்டான். கருவாடு மெல்லச் சூடேறியது. கோயில் வாசலில் வண்டி நிற்பதற்குள் பானெட்டின் மேல் மூன்று பூனைகள்.

"பெருமாளே, இது என்ன சோதன!" என்று ரங்கம்மா மூக்கைப் பொத்த, வாசம் எங்கிருந்து வருகிறதென்று பார்க்க முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் சீட்டுக்கடியில் துழாவினார்.

பொறியில் எலி சிக்கவில்லை. முதலாளியின் கட்டைவிரல் சிக்கியது.

கட்டுப் போட்ட காலோடு அவர் பட்டறைக்கு வந்து கத்தினார். "திங்கக்கிழம காலையில சத்தம் வந்துச்சு, பெர்மனென்டும் இல்ல, கான்ட்ராக்டும் இல்ல. ஊரப் பாத்துப் போய்ச் சேரு!"

வீட்டில் பெண்டாட்டி நாகம்மாள் தட்டை வைத்த வேகத்தில் ரசம் சுவரில் தெறித்தது. "ஒரு எலியப் பிடிக்க வக்கில்ல. எங்க அண்ணன் மொகத்துல இனி எப்படி முழிக்க?"

"எலியப் பிடிச்சாத்தானா? அது வார வழிய அடச்சா ஆகாதோ?" என்றவன் அப்படியே எழுந்து நின்றான். சோறு பாதியில் கிடந்தது.

திங்கட்கிழமை விடிவதற்குள் வந்து வேலையை ஆரம்பித்தான். மெஷினுக்குத் தடுப்பாகப் போடுகிற இரும்பு வலையில் ஒரு துண்டை வெட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே ஹீட்டருக்குக் காற்றுப் போகிற சந்தின் மேல் வைத்து, சுற்றிலும் ரிவெட் அடித்தான். பெட்டியைக் கடைசியாக ஒருமுறை துடைத்து, இறுக மூடி, அதற்கும் நாலு ரிவெட். எறும்பு நுழைந்துவிடட்டும், பார்க்கலாம்.

ஆறு மணிக்கு எல்லப்பன் வந்தான். வலையைப் பார்த்தான். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தான். நுழையவில்லை.

"இத்த கழட்ட முடியாதாண்ணா?"

"உளி வச்சாலும் முடியாதுடே!" சுடலைமுத்து நெஞ்சை நிமிர்த்தினான்.

முதலாளி நொண்டிக்கொண்டே வந்து முன்சீட்டில் ஏறினார். ஹீட்டரைப் போட்டார். சத்தமே இல்லை. தாலாட்டுகிற மாதிரி இதமான சூட்டுக்காற்று மட்டும் வந்தது. முதலாளியின் கண் தானாகச் செருகியது.

"ஜெயிச்சுட்டடா!" சட்டைப்பையிலிருந்து ஆர்டரை எடுத்தார். பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். "ஆபீஸ் பூட்டியிருக்கு, சீல் உள்ள இருக்கு. சாயங்காலம் பெங்களூர்லருந்து வந்ததும் மொத வேல இதான். நீ ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிடு."

ஆர்டர் மறுபடி சட்டைப்பைக்குள் போனது. கண்ணாடி ஏறியது. சுடலைமுத்து அந்தப் பையையே பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

எல்லப்பன் ஒரு காலைக் காருக்குள் வைத்தபடி, வாய் கிழிகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, அவன் காதோரம் குனிந்தான்.

"ராத்திரி முச்சூடும் கம்பெனி ஷிஃப்ட் பஸ் ஓட்டிட்டு அப்படியே இங்க வரன்ணா, ஓட்டறப்ப தூங்காம இருக்கத்தான் தெனமும் நானே அதுல புளியங்கொட்ட போட்டுட்டிருந்தன், இன்னிக்குப் பெருமாள் வுட்ட வழி."