இடுப்புக்குக் கீழே ஸ்பெயின்

பாம்பனில் ஒரே ஒரு மனிதர் வாழ்நாளில் நடந்ததே இல்லை என்று நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தடதட சார்தான் அவர். டீக்கடைக்குப் போனாலும் குதிகாலால் தாளம் போட்டுக்கொண்டேதான் போவார். டீ ஆறிவிடும், தாளம் முடியாது.

திருப்பாலைக்குடிக்காரர். சுதந்திரம் வந்த வருஷம் சரக்குக் கப்பலில் சமையல் ஆளாகப் போனார். ஸ்பெயின் நாட்டுத் துறைமுகம் ஒன்றில் கப்பல் ரிப்பேராகி மூன்று மாதம் நின்றது. கூடப் போனவர்கள் கைக்கடிகாரமும் சென்ட்டும் வாங்கி வந்தார்கள். இவர் ஃபிளமெங்கோ என்ற ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்தார்.

ஆண்டு விழாவுக்கு அதை நம் ஒயிலாட்டத்தோடு கலந்து ஆடப் பன்னிரண்டு பையன்களைப் பிடித்தார். அதில் நானும் ஒருவன்.

"ஏலே, இடுப்புக்கு மேல நம்ம ஊரு. கையில கைக்குட்டை, மூஞ்சியில சிரிப்பு. இடுப்புக்குக் கீழ ஸ்பெயினு. கோவம் பூரா காலுல இருக்கணும்!"

எனக்கு மூஞ்சியில் கோபமும் காலில் சிரிப்புமாகவே வந்தது. "இடது கால் பிந்துதுடா!" என்று தினமும் திட்டு வாங்கினேன்.

அந்த ஆட்டத்துக்குக் காலடிச் சத்தம்தான் உயிராம். ஷூவுக்கு எங்கே போவது? எங்கள் டயர் செருப்புகளைக் கொண்டுபோய், வண்டி மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரிடம் கொடுத்து லாடம் அடித்து வந்துவிட்டார். என் அம்மா சண்டைக்கே போய்விட்டாள்.

"ஏன் சார், மாட்டு லாடத்தைப் பிள்ளைக்கு அடிச்சிருக்கீகளே, நாளைக்கு மூக்கணாங்கயிறும் போடுவீகளா?"

சார் காலைத் தட்டி யோசித்தார். "அது வேண்டியிருக்காதுக்கா. உங்க மகன் சொன்ன பேச்சுக் கேக்குறவன்."

பாவம், அவர் வேலை தற்காலிகம். ஹெட்மாஸ்டர் கறாராகச் சொல்லியிருந்தார்: "விழாவுக்கு ஜில்லா அதிகாரி வாரார். அவர் மெச்சினா வேலை நிரந்தரம். முகம் சுளிச்சா மறுநாளே ரயில்."

விழாவும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து மைதானம் வெறும் கடற்கரை மணல். வருஷா வருஷம் மீனவர்கள் தரும் வள்ளத்துப் பலகைகளை அதன் மேல் பரப்பித்தான் மேடை போடுவார்கள். நாங்கள் லாடம் ஒலிக்க ஏறப்போனோம். வள்ளத்துச் சொந்தக்காரரான சம்மாட்டி எழுந்துவிட்டார்.

"நில்லுங்கடா! வள்ளத்துப் பலகையில செருப்புக் காலா?"

எங்கள் கரையில் செருப்போடு வள்ளத்தை யாரும் மிதிப்பதில்லை. இரண்டு மாதம் சிமெண்டு வராந்தாவிலேயே ஒத்திகை பார்த்ததில், பன்னிரண்டு பேரில் ஒருவனுக்கும் அது உறைக்கவில்லை. கடலோடியான சாருக்கே உறைக்கவில்லை! தலையில் அடித்துக்கொண்டார், அதையும் தாளத்தோடு.

வெறுங்காலோடு ஏறி மிதித்தோம். அடியில் மணல், சத்தமே எழும்பவில்லை. "என்னப்பா, ஊமைக் கூத்தா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். நாங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு முழித்துக்கொண்டு நின்றோம்.

சார் சுற்றுமுற்றும் பார்த்தார். சத்தம் எழும்பக்கூடிய இடம் அங்கே ஒன்றுதான் இருந்தது. இரண்டு செருப்புகளைக் கையில் மாட்டிக்கொண்டு, நேரே அதிகாரியின் மேஜைக்குப் போய் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தார்! சோடா பாட்டில் துள்ளி விழுந்தது. அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். எங்கள் கால்களுக்கோ உயிர் வந்துவிட்டது. அப்படி ஒரு ஆட்டம் நாங்கள் அதற்கு முன்னும் ஆடியதில்லை, பின்னும் ஆடவில்லை. சம்மாட்டியே விசிலடித்தார்.

அதிகாரி விசிலடிக்கவில்லை. தன் மேஜையில் செருப்பு ஏறினால் எந்த அதிகாரிதான் மெச்சுவார்?

"வேலை போயிரும்னு தெரியாதா சார்?" என்று கேட்டேன்.

"தெரியாம என்ன? நீங்க அங்கன முழிச்சுக்கிட்டு நின்னீங்களேடா. வேற என்ன செய்யச் சொல்லுறே?"

மறுநாள் பன்னிரண்டு பேரும் லாடச் செருப்போடு ஸ்டேஷனுக்குப் போனோம். கல் பாவிய பிளாட்பாரத்தில் அவருக்காக முழு ஆட்டத்தையும் ஆடினோம். ரயில் நகர்ந்தது. சார் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "இடது கால் பிந்துதுடா!" என்று என்னைத் திட்டிக்கொண்டே போனார்.

அழுதுகொண்டே ஆடினால் பிந்தத்தானே செய்யும், சார்.