வல்லை வெளியில் ஒரு துளி இரத்தம்

தன்னுடைய ஒரு துளி இரத்தத்தைக் காட்டி ஒரு பஸ் நிறையச் சனத்தை மூச்சுவிடாமல் வைத்திருக்கக்கூடிய மனிதர், எனக்குத் தெரிந்து யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. நெல்லியடியில் எல்லோருக்கும் அவர் 'ஒருநிமிசம்'. எண்பதுகளின் கடைசியில் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடிய மினிபஸ் ஒன்றின் சாரதி. நான் அதில் தினமும் கந்தோர் வேலைக்குப் போய்வந்தவன்.

நீரிழிவு, அதுதான் சீனி வருத்தம், என்று டொக்டர் சொன்னதும் மற்றவர்களைப் போல் அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியவில்லை. கனடாவிலிருந்த தங்கைக்கு எழுதி, வீட்டிலேயே இரத்தம் சோதிக்கும் பட்டிகளை எடுப்பித்தார். விரலைக் குத்தி, ஒரு துளியைப் பட்டியில் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்துப் பஞ்சால் துடைக்கவேண்டும். இன்னும் ஒரு நிமிடத்தில் பட்டி நிறம் மாறும். போத்தலில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒப்பிட்டால் சீனியின் அளவு தெரிந்துவிடும்; நன்றாகக் குறைந்தால் பட்டி வெளிறியே கிடக்கும். கிடைப்பதற்கரிய சாமான் என்பதால், ஒவ்வொரு பட்டியையும் பிளேட்டால் நெடுக்காகப் பிளந்து இரண்டாக்குவார். அந்த நேரம் அவர் கை மயிரளவும் நடுங்காது.

தங்கை அனுப்பியது வீட்டில் சோதிக்கத்தான். ஆனால் விடிந்தது முதல் பொழுதுபடும்வரை பஸ்ஸிலேயே கிடக்கும் மனிதருக்கு வீடு எது? என்ஜின் மூடிதான் மேசை. "ஒரு நிமிசம்!" என்று கையை உயர்த்துவார். கொண்டக்டர் மணிக்கூட்டைப் பார்ப்பான். பஸ்ஸுக்குள் பூசை நேரத்து அமைதி. பட்டி நிறம் மாறியதும் சனம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

"உது பச்சை!"

"உது பச்சையே? வடிவாப் பாருங்கோ, நீலம்!"

இந்திய அமைதிப்படை எங்கள் ஊரில் நின்ற காலம். ஒருநாள் சோதனைச் சாவடியில் அதன் சிப்பாய் ஒருவன் ஊசியையும் போத்தலையும் கண்டு துவக்கை நீட்டிவிட்டான். நாங்கள் சீற்றுகளுக்குக் கீழே குனிந்துகொண்டோம். இவரோ விரலைக் காட்டி, "சீனி, சீனி" என்றார். சிப்பாயின் முகம் மாறியது. ஹிந்தியிலும் அது சீனிதானாம்! துவக்கைத் தோளில் மாட்டிவிட்டு அவன் தன் விரலை நீட்டினான். 'ஒருநிமிசம்' அரைப்பட்டி செலவழித்து அவனையும் சோதித்துவிட்டு, "உனக்கு ஒண்டுமில்லை, போ" என்று தமிழில் ஆசீர்வதித்தார்.

அடுத்த வருடம் அந்த வருத்தம் எனக்கும் வந்தது. ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. ஆனால் கிளினிக் வாசலில் அவர் என்னைக் கண்டுவிட்டார். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும், "தம்பி, விரலைத் தாரும்" என்றார், எல்லோருக்கும் முன்னால். எனக்கு மானம் போனது.

"கை கழுவினீரோ? பழம் திண்ட கையெண்டால் பழத்தின்ரை சீனியைத்தான் காட்டும். நுனியிலை குத்தாதையும், பக்கத்திலை குத்தும். நோகாது."

நோகவில்லை. ஒரு கிழமைக்குள் நானும் நிறம் பார்க்கத் தேறிவிட்டேன்.

பிறகுதான் அந்தக் காலை வந்தது. வீடுவாசல் ஒன்றுமில்லாத வல்லை வெளியின் நடுவில் பஸ் சட்டென்று ஓரங்கட்டி நின்றது. எட்டிப் பார்த்தேன். அவர் சேட் வியர்வையில் தோய்ந்திருந்தது. கை நடுங்கியது. சீனிக் குளிசையை விழுங்கிவிட்டுச் சாப்பிட நேரமில்லாமல் வந்திருக்கிறார். அவரால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் குத்தினேன். துடைத்த பிறகும் பட்டி வெளிறியே கிடந்தது.

"அண்ணை, சீனி நல்லாக் குறைஞ்சுபோச்சு! ஆரிட்டையும் இனிப்பு இருக்கோ?" என்று சனத்தைப் பார்த்துக் கத்தினேன்.

மகள் வீட்டுக்குப் பனங்கட்டி கொண்டுபோன ஓர் அம்மா பையை இறுக்கிப் பிடித்தா. "சீனி வருத்தக்காரனுக்குப் பனங்கட்டியோ? கொல்லப்போறீரோ?"

"இப்ப குடுக்காட்டித்தான் அம்மா ஆபத்து!"

பனங்கட்டியை அவர் சிறுபிள்ளைபோலச் சப்பினார். கொஞ்ச நேரத்தில் முகத்தில் களை திரும்பியது. வழக்குக்குப் போகவேண்டிய ஒரு பெரியவர் பொறுமையிழந்தார்.

"இப்ப சுகம்தானே? எடுமன் பஸ்ஸை!"

"ஒரு நிமிசம். திரும்பப் பாக்கவேணும்."

"உம்மடை ரத்தத்துக்கு நாங்கள் ஏன் வெயிலுக்கை காயவேணும்?"

'ஒருநிமிசம்' கோபிக்கவில்லை. "ஸ்டேரிங் என்ரை கையிலை ஐயா. இது என்ரை ரத்தம் மட்டுமில்லை, உங்கள் எல்லாற்ரையும்தான்."

பெரியவர் போய்த் தன் சீற்றில் உட்கார்ந்தார். கால்மணி கழித்து மறுபடி குத்தி, நிறத்தை என்னிடமும் கொண்டக்டரிடமும் காட்டிச் சம்மதம் வாங்கி, கொண்டக்டர் காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பாணையும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பஸ் அசைந்தது. அன்று கந்தோருக்குப் பிந்தியவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பின்பு எனக்குக் கொழும்புக்கு மாற்றம் வந்தது. புறப்படுகிற அன்று பஸ் நிலையத்தில் அவர் ஒரு சின்ன மருந்துப் போத்தலோடு வந்து நின்றார். அதற்குள் தன் பட்டிகளில் பாதி.

"அண்ணை, கொழும்பிலை வாங்கலாம்."

"அங்கை போய்ச் சேருமட்டும்?" என்று என் சேட் பொக்கற்றுக்குள் திணித்தார்.

அன்று கொழும்பு பஸ்ஸை ஓட்டியவன் யாரோ ஓர் இளந்தாரி. அவனுடைய ஜன்னலை எட்டித் தட்டி, 'ஒருநிமிசம்' சொன்னது எனக்கும் கேட்டது:

"தம்பி, பாத்து ஓட்டு. எங்கடை ஆள் ஒண்டு உள்ளுக்கை இருக்கு."