ஏழு நாள் பிரியாம நின்ன பாட்டில்

நான் முதலாளி ஆயிடறதுன்னு முடிவு பண்ணேன். பல்லு வெளக்கும்போது வந்த முடிவு. வாய் கொப்பளிச்சும் போகல.

தொழில் என்னன்னு கேளுங்க. சிலிகான் எமல்ஷன். பேரக் கேட்டு பயந்துடாதீங்க. ஒரு எண்ணெய், கொஞ்சம் தண்ணி, ரெண்டையும் சேத்து வைக்க ஒரு மருந்து. வேகமா சுத்தினா பால் மாதிரி வரும். ரப்பர் அச்சுல தெளிச்சா ரப்பர் ஒட்டாது. துணில போட்டா மெதுமெதுன்னு ஆகும். டயர்ல தடவினா பழைய வண்டியும் மாப்பிள்ள மாதிரி மின்னும். கால்மிதி செய்யற கம்பெனில பதினெட்டு வருஷம் நான் இதத்தான் அச்சுல தெளிச்சேன். எட்டு மாசம் முன்னாடி கம்பெனிய மூடிட்டாங்க. கை மட்டும் இன்னும் தெளிச்சுட்டே இருக்கு.

இது ஊருக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம் உங்களுக்கு மட்டும் சொல்றேன். வீட்டம்மா காதுக்குப் போகக்கூடாது.

அவ காலைல எட்டு மணிக்கு வேலைக்குப் போயிடுவா. தச்ச சட்டைய மெஷின்ல அலசி, மெதுவாக்கி அனுப்பற யூனிட்டு. வர்றதுக்கு சாயங்காலம் ஏழு. நடுவுல பதினோரு மணி நேரம் வீட்ல நானும் ஃப்ரிட்ஜும். அதுவும் தோணினாத்தான் உறுமும். வெளியூர்ல கட்டிக் குடுத்த பொண்ணு ஃபோன் பண்ணுவா. "அப்பா, அம்மா இருக்காங்களா?" "இல்லம்மா." "சரிப்பா, அப்புறம் கூப்பிடறேன்." பதினோரு செகண்டு. ஒரு தடவ ராங் நம்பர் வந்துச்சு. விடுவேனா? அவர் மாமியாரோட முட்டி வலி வரைக்கும் விசாரிச்சேன். கடைசில அவரே பயந்துட்டு வச்சுட்டார்.

அதனால போட்டேன் திட்டம். வீட்லயே தொழில். ரெண்டு ஆள் இல்லாம நடக்காதுன்னு சொல்லுவேன். அவ வேலைய விட்டுடுவா. ஒருத்தர் சுத்த, ஒருத்தர் ஊத்த, நாள் பூரா பேசிட்டே இருக்கலாம்.

அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சேன்.

"இந்தாம்மா, சிலிகான் எமல்ஷன் தொழில் தொடங்கப் போறேன்."

"எங்க யூனிட்ல சட்டைக்கு ஊத்தற வெள்ளத் தண்ணியா?"

"அதேதான்."

"எண்ணெய்க்கு எவ்வளவு மருந்து போடணும்?"

"போடணும்... போதுமான அளவு."

"தண்ணி எந்தத் தண்ணி? குழாத் தண்ணில உப்பு இருந்தா திரிஞ்சிடுமே."

"நீ என்ன இன்டர்வியூ எடுக்கறியா? இது ரெண்டு ஆள் வேலம்மா. நீ அந்த வேலைய விட்டுடு."

ஒரு நிமிஷம் என்னையே பாத்தா. முப்பது வருஷமா பாக்கற பார்வைதான், ஆனா இன்னைக்கு வரைக்கும் அர்த்தம் புரிஞ்சதில்ல.

"சரிங்க. மொதல்ல செஞ்சு காட்டுங்க. ஒரு பாட்டில்ல ஊத்தி சமையல் மேடைல வைங்க. ஏழு நாள் எண்ணெய் தனியா தண்ணி தனியா பிரியாம நின்னுச்சுன்னா, அன்னைக்கே வேலைய விடறேன்."

"வாக்கு?"

"வாக்கு."

பின்னாடி குளியலறை ஃபேக்டரி ஆச்சு. செகண்ட் ஹேண்ட்ல ஒரு மோட்டார் கலக்கி. போட்டா ஹெலிகாப்டர் எறங்கற சத்தம். எண்ணெயும் மருந்தும் ஊத்தினேன். தண்ணிய நூல் மாதிரி கொஞ்சம் கொஞ்சமா விடணும்னு எண்ணெய் குடுத்தவர் படிச்சுப் படிச்சு சொன்னார். ஒரு மணி நேரம் தனியா நின்னு நூல் விட எனக்கென்ன தறியா போட்டிருக்கு? பக்கெட்டோட கவுத்தேன்.

பாலா வந்துச்சு! ஆடினேன். தரையெல்லாம் சிந்தினது தெரியாம ஆடினேன். அடுத்த நிமிஷம் குளியலறைல இருந்து ஹால் வரைக்கும் உக்காந்தபடியே வந்து சேந்தேன். டிக்கெட் இல்லாம பண்ண மொதப் பயணம் அதுதான்.

மறுநாள் பாத்தா மேல எண்ணெய், கீழ தண்ணி. ஒரே பாத்திரத்துல தனித்தனி குடித்தனம். ரொம்ப நேரம் பாத்துட்டே நின்னேன். எங்கயோ பாத்த குடும்பம் மாதிரி இருந்துச்சு.

மூணு தடவ செஞ்சேன், மூணு தடவயும் இதே கததான். மனசு கேக்காம, பழைய பழக்கத்துல ஒரு தெளிப்பான்ல ஊத்தி கொல்லப் பக்கம் நின்னு புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்துல அடிச்சேன். கொஞ்ச நேரம் சுகமா இருந்துச்சு. அரை மணில கதவ இடிக்கற சத்தம். பக்கத்து ஷெட்ல கார் பெயிண்ட் அடிக்கற தம்பி.

"அண்ணே! என்னத்தண்ணே காத்துல விட்டீங்க? பானெட்ல பெயிண்ட் அடிச்சா அம்மத் தழும்பு மாதிரி குழி குழியா வருது!"

"உள்ள வா தம்பி, உக்காரு."

"உக்கார வரலண்ணே, சண்டைக்கு வந்திருக்கேன்."

"போடலாம். சர்க்கர எவ்வளவு?"

"...ரெண்டு ஸ்பூன். ஆனா விட மாட்டேன்ண்ணே."

"விடாத. மத்தியானம் வரைக்கும் போடு. நான் ஃப்ரீதான்."

பாவம், டீயக் குடிச்சுட்டு பத்து நிமிஷத்துல சமாதானமாயிட்டான். எனக்கு ஏமாத்தமாப் போச்சு. வாசல் வரைக்கும் போய், "நாளைக்கும் வாப்பா, இன்னும் நெறைய திட்டலாம்"னு சொன்னேன். ஒரு மாதிரியா பாத்துட்டுப் போனான்.

சரி, நேர்மையா நிக்காதத குறுக்கு வழில நிக்க வைப்போம்னு துணிஞ்சேன். வெள்ளிக்கிழம காலைல அகல வாய் பாட்டில்ல புதுசாக் கலக்கினத ஊத்தி மேடைல வச்சேன். அவ பாத்தா, தேதி எழுதி ஒட்டினா, வேலைக்குப் போனா. மத்தியானமே அதது வேலையக் காட்டிடுச்சு. மேல எண்ணெய், கீழ தண்ணி. நான் அசரல. சாயங்காலம் ஆறே முக்காலுக்கு ஒரு ஸ்பூன எடுத்து, கை வலிக்க வலிக்க அடி அடின்னு அடிச்சேன். ஏழு மணிக்கு அவ வந்தா. வெள்ள வெளேர்னு பால்.

"பரவால்லயே"ன்னா.

"பின்ன!"ன்னேன்.

சனிக்கிழமையும் அதேதான். ஞாயித்துக்கிழம அவ வீட்ல இருப்பாளேன்னு எனக்கு வயித்தக் கலக்குச்சு. பாட்டிலயும் கலக்கணுமே! அவ குளிக்கப் போன நேரத்துல ஒரு தடவ கலக்கினேன். வந்தவ, "என்னங்க, முதலாளி ஆகப் போறவருக்கு முடி இப்படியா இருக்கறது? போய் வெட்டிட்டு வாங்க"ன்னா. சலூன்ல கூட்டம். எனக்கு என்ன கசக்குதா? எனக்குப் பின்னாடி வந்தவங்களையெல்லாம் முன்னாடி அனுப்பிட்டு ரெண்டு மணி நேரம் பேசிட்டு வந்தேன்.

அதுக்கப்புறம் நடந்துச்சு அதிசயம். திங்கக்கிழம ஸ்பூனோட போறேன், பாட்டில் பிரியல. செவ்வா பிரியல. புதன் பிரியல. கைராசின்னு நெனச்சேன். அடிச்ச அடில பயந்து ஒத்துமையாயிடுச்சுன்னு நெனச்சேன். உள்ளுக்குள்ள லேசா வருத்தமும்தான். ஆறே முக்காலுக்குன்னு எனக்கு இருந்த ஒரே வேலையும் போச்சு.

வியாழக்கிழம. ஏழாம் நாள். வந்தா, பைய மாட்டினா, பாட்டில வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா.

"நின்னுடுச்சுங்க."

"நான்தான் சொன்னேன்ல!"

"நானும் எழுதிக் குடுத்துட்டேன். சனிக்கிழமையோட வேலைக்கு முழுக்கு."

நாற்காலிய அவ பக்கத்துல இழுத்துப் போட்டேன். "இனிமே நாம ரெண்டு பேரும் நாள் பூரா..."

"இருங்க, இருங்க. நான் வர்றதுக்கு முன்னாடி என் காபி ஸ்பூனாலதான கலக்கினீங்க?"

"எந்த... எந்த ஸ்பூன்?"

"வெள்ளிக்கிழமையே காபி நாக்குல நிக்காம வழுக்கிட்டு போச்சு. ஞாயித்துக்கிழம உங்கள முடி வெட்ட அனுப்பிட்டு, உங்க பாட்டில கொட்டிட்டு, நான் ஒண்ணு செஞ்சு வச்சேன். நல்ல தண்ணி. நூல் மாதிரி ஊத்தினேன். ஒரு மணி நேரம் ஆச்சு."

"அப்ப இது...?"

"என்னுது. திங்கக்கிழம கொஞ்சம் எடுத்துட்டுப் போய் சூப்பர்வைசரம்மாகிட்ட குடுத்தேன். நாலு சட்டைல போட்டுப் பாத்தாங்க. மாசா மாசம் வேணும்னுட்டாங்க."

தோத்துட்டேன்னு தெரியுது. ஆனா பாருங்க, தோல்வி கூட இனிச்சுச்சு. அவ வீட்ல இருப்பாளே!

"சரிம்மா, நீயே முதலாளி. நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்தறேன்."

"நீங்களா? பக்கெட்டோட கவுக்கவா?" சிரிச்சா. அப்புறம் குரல் கொஞ்சம் எறங்குச்சு. "பெயிண்டர் தம்பி எல்லாம் சொன்னாப்ல. திட்ட வந்தவன 'நாளைக்கும் வா'ன்னீங்களாமே. நீங்க இப்படித் தனியாக் கெடக்கறீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சுங்க. அதான், யூனிட்ல என் எடத்துக்கு ஆள் கேட்டாங்க, உங்க பேரக் குடுத்துட்டேன். அங்க நாப்பது பேரு இருக்காங்க. வாய் வலிக்கப் பேசலாம்."

நல்ல மனசோட செஞ்சிருக்கா. திங்கக்கிழம எட்டு மணிக்கு அவளே சாப்பாட்டு டப்பாவக் கைல குடுத்து வாசல் வரைக்கும் வந்து அனுப்பினா.

நாப்பது பேர் இருக்கறது நெசந்தான். பன்னெண்டு மெஷினும் இருக்கு. அது போடற சத்தத்துல நாப்பது பேரும் காதுல பஞ்சு வச்சிருக்காங்க. பக்கத்துல நின்னவர்கிட்ட மொத நாளே என் கதைய ஆதியோட அந்தமா சொல்லி முடிச்சேன். அவர் பஞ்ச உருவிட்டு, "என்ன கேட்டீங்க?"ன்னார்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தா, அவ கால நீட்டி உக்காந்திருக்கா. "எண்ணெய்க்காரர், டயர் கடைக்காரர், துணிக்காரங்கன்னு காலைல இருந்து பேசிப் பேசி வாய் ஓஞ்சு போச்சுங்க. இன்னைக்கு ஒண்ணும் பேசாம சாப்பிடுவோமா?"

சாப்பிட்டோம்.

நான் ஆசப்பட்ட மாதிரியே என் வீட்டம்மா இப்ப நாள் பூரா வீட்லதான் இருக்கா. நான்தான் இல்ல.