மாமியார் நாக்குச் செடியின் அடியில் கிடைத்தது

ப்ளூம்ஃபொன்டேன்,
செப்டம்பர் 14, வியாழன்

மதிப்பிற்குரிய மாதாபோ அக்காவுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் மொகெதே பணிவோடு எழுதுவது. மசேருவில் உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். இங்கு என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம்.

ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றால் உட்காரலாம் என்று நினைத்தவன் நான். ஆனால் வசந்தம் வந்துவிட்டதாம், வீட்டுக்குள் இருக்கும் பதினோரு செடிகளுக்கும் தொட்டி மாற்றியாக வேண்டுமாம். காலையில் லினேயோ சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு மாதர் ஜெபக்கூட்டத்துக்குக் கிளம்பும்போது, "நான் வர்றதுக்குள்ள எல்லாத்தையும் மாத்தி வெச்சிருங்க. வேரைப் புடிச்சு இழுக்காதீங்க, அது உங்க ரயில் பெட்டி இல்ல" என்றாள். நான் வாங்கிவந்த மூட்டையில் இருப்பது மண் அல்ல, சாணி உரம் என்பது கூடத்தில் கொட்டிய பிறகுதான் தெரிந்தது, நாற்றம் போக ஜன்னலைத் திறந்தால் காற்று பெரணிச் செடியைத் தள்ளிவிட்டது, அதைப் பிடிக்கப் போய்க் கள்ளிச்செடி மேல் கையை வைத்தேன். பத்துத் தொட்டி எப்படியோ முடிஞ்சுது அக்கா. பதினொண்ணாவது, உங்க அம்மா குடுத்த மாமியார் நாக்குச் செடி, அது அசையவே மாட்டேன்னுது. பக்கத்து வீட்டு ரமைலியைக் கூப்பிட்டேன். அவர் தொட்டியைக் கட்டிப் புடிச்சார், நான் இழுத்தேன். "நல்லா இழுய்யா! மாமியார் நாக்கு அவ்வளவு லேசுல அடங்குமா?"ன்னு அவர் சிரிக்க, தொட்டி பிளந்து ரெண்டு பேரும் சாணியில மல்லாக்க விழுந்தோம்.

அப்பதான் பார்த்தேன். தண்ணி வடியறதுக்காகத் தொட்டி அடியில ஓட்டுச் சில்லு போடுவாங்களே, அந்த இடத்துல நீலப்பூ போட்ட பீங்கான் துண்டுங்க! தங்கக் கோடு போட்ட மூக்கு மட்டும் முழுசா இருக்கு. எங்க பெரியவன் ஞானஸ்நானத்துக்கு நீங்க இரவல் குடுத்த டீ கெட்டில், அக்கா. நான் உடைச்சு ஒளிச்சேன்னு இருபத்திரண்டு வருஷமா சொல்றீங்களே, அதேதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எல்லாருக்கும் பீங்கான் கோப்பை, எனக்கு மட்டும் தகரக் குவளை. "மொகெதே கையில எதையும் குடுக்காதீங்க"ன்னு பிள்ளைங்க முன்னாடியே சொல்வீங்க. ஒருவேளை நாமதான் உடைச்சோமோன்னு நானே பாதி நம்பிட்டேன். ஆனா அந்தச் செடியை நட்டது லினேயோ. நான் அப்ப டர்பன் ஊருக்குப் போற ரயில்ல கார்டு, வாரத்துல ரெண்டு நாள்தான் வீட்டுல இருப்பேன்.

எனக்குக் கோபமில்லை அக்கா, அலுப்புதான். எல்லார் முன்னாலும் ஒரே ஒரு தடவை "மொகெதே உடைக்கல" என்று நீங்கள் சொன்னால் போதும்.

உங்கள் வீட்டில் அமைதியும், உங்கள் நிலத்தில் மழையும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மொகெதே

பி.கு.: மேலே எழுதியது எதையும் நம்ப வேண்டாம். கிழித்துப் போடலாமென்றால் வீட்டில் வேறு தாளில்லை. அது யார் வீட்டுக் கெட்டிலோ. உங்களுடையதை உடைத்தது நான்தான், இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. துண்டுகளைப் புதுத் தொட்டியின் அடியில் போட்டுச் செடியையும் நட்டாயிற்று, இனி யாரும் தோண்ட முடியாது. லினேயோ கூட்டம் முடிந்து வந்துவிட்டாள், உங்களுக்கு அன்பைச் சொல்லச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தபடியே நிற்கிறாள். பேனா இருக்கிற கையை.